கந்தியல்: கப்பல் தளத்து இரட்டைத் தூண் பற்றிய ஓர் ஆய்வு

யானைக்குக் கந்து, கன்றுக்கு முளை, கவி பாடுவதற்குக் கம்பன் வீட்டுக் கட்டுத்தறி எனக் கட்டும் தூண்களைத் தரம் பிரித்து வைத்தவர்கள் நாம். கப்பலைக் கட்டும் தூணுக்கு வந்ததும் 'பொல்லார்டு' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஈற்றெழுத்தை விழுங்கினால் அது பொல்லார் ஆகிவிடுகிறது. நிற்பதன்றி வேறொன்றும் அறியாத இரும்புக்கு இது அவதூறு என்பது இவ்வாய்வின் முதற்கோள்.

கரையில் நிற்பது ஒற்றை. கப்பல் தளத்தில் நிற்பது பெரும்பாலும் இரட்டை. பின்னதன் பழைய ஆங்கிலப் பெயர் பிட்டு. பிட்டு என்றதும் மதுரைக்காரர் வந்திக் கிழவியை நினைப்பர். மாணவர் சட்டைக் கையை நினைப்பர். இரண்டும் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. 1627இல் கடற்சொற்களுக்கு ஒரு நூல் எழுதிய கேப்டன் ஜான் ஸ்மித், பிட்டில் வடம் சுற்றிய சுற்றைப் 'பிட்டர்' என்றும், அதற்கப்பால் கப்பலுக்குள் எஞ்சும் வடத்தைப் பிட்டரின் முனை என்றும் குறிக்கிறார். ஆங்கிலேயர் 'பிட்டர் எண்ட்' வரை போராடுவது இந்த முனை வரைக்குமா, கசப்பான முடிவு வரைக்குமா என்று சொல்லாய்வாளர் இன்னும் மல்லுக்கட்டுகின்றனர். அவர்களும் அந்த முனை வரை போவார்கள் போலும்.

இனி இயற்பியல். தூணில் சுற்றிய வடத்துக்கு ஆய்லரும் ஐடெல்வைனும் பெயர் கொடுத்த சமன்பாடு ஒன்றுண்டு. உராய்வு எண் 0.25 என்று கொள்க. ஒரு முழுச் சுற்றில் இழுவிசை சுமார் ஐந்தில் ஒரு பங்காகிறது. நான்கு சுற்றில் சுமார் 535இல் ஒரு பங்கு. அதாவது அந்தப் பக்கம் 10 டன் இழுத்தால் இந்தப் பக்கம் 19 கிலோ பிடித்தால் போதும். மளிகைக் கடையிலிருந்து தூக்கிவரும் அரிசிப் பையின் கனம்கூட இல்லை. இங்கேதான் ஆய்வாளனுக்கு நெஞ்சு கனத்தது. சுற்றிய கோணம் சமன்பாட்டில் இருக்கிறது, உராய்வு இருக்கிறது. தூணின் பருமனைக் காணோம். கட்டுரைத் தலைவனுக்கே பாட்டில் இடமில்லை!

'எனில் தூண் மெலிந்தாலும் கேடில்லையோ?' எனின், அற்றன்று. மெலிந்த தூண் வளையும்; வடமும் இறுக மடங்கி நைந்துபோகும். எவ்வளவு தாங்கும் என்பதைத் தூணிலேயே பற்றவைப்பு எழுத்தால் பொறித்துவைப்பார்கள், மேலே எத்தனை பூச்சுப் பெயிண்ட் விழுந்தாலும் தடவிப் பார்த்துப் படிக்கலாம். இழுவைப் படகின் வலுவை அளப்பதும் இந்த இனத்தை வைத்துத்தான்: கரையிலுள்ள பொல்லார்டில் அதைக் கட்டி, முழு வேகத்தில் எஞ்சினை ஓட்டி, எத்தனை டன் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். நகராததை இழுத்துக் காட்டினால் சான்றிதழ்.

களப்பணிக்குக் கிடைத்த தகவலாளி, சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது தளப் பணியாளர்களின் தலைவராக, இருக்கும் என் மைத்துனர். தூணில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாமா என்று கேட்டேன்.

"அத்தான், கயிறு விறைப்பா இருக்கப்போ அந்தப் பக்கமே போகாதீங்க. அத்துச்சுன்னா திரும்பி அடிக்கும். கால் தனியாக் கெடக்கும்."

நைலான் வடம் நீண்டுகொண்டே போய் அறும்போது, நீண்ட அத்தனையும் ஒரே வீச்சில் திரும்பும் என்று விளக்கினார்.

சமன்பாட்டை நிரூபிக்க ஆள் தேடியபோது தாத்தா நினைவுக்கு வந்தார். முரண்டு பிடிக்கும் காளையின் கயிற்றை வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை இரு விரலில் பிடித்துக்கொண்டு, மறுகையால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். ஆய்லரைப் பற்றி அவரிடம் யாரும் சொன்னதில்லை.