முள்ளுக்குத் தெரியாத வரலாறு

கேள்வி: அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. "கரிசக்காட்டுல நடந்து உரம் ஏறுன காலுடா இது" என்று செருப்பு போட மறுக்கிறார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
– வாசகர், திருச்சுழி

பதில்: உரம் ஏறிய கால்தான். ஆனால் சீமைக்கருவேல முள்ளுக்கு அந்த வரலாறு தெரியாதே! "முள் குத்துனா சுருக்குன்னு இருக்காப்பா?" என்று கேளுங்கள். "ஒண்ணுமே தெரியலை" என்று பெருமையாகச் சொன்னால், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நாள்பட்ட சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். வலி தெரியாத கால் புண்ணோடும் நடக்கும்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றியபோது கண்டது இதுதான்: தொழுநோயாளியின் கால் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம் பட்டுக் கெடுகிறது. அந்தப் பாடம் பிறகு அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் உதவியது. வலியை வரம் என்றே கருதியவர் அவர்.

காலில் புண் இல்லையென்றால், அப்பா கண்மாய்க் கரையில் காலாற நடக்கட்டும், விரல் மூடிய செருப்போடு. திண்ணையில் உட்கார்ந்து குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கட்டும்; கெண்டைக்கால் தசை சுருங்கினால் ரத்தம் எளிதாக மேலே ஏறும். அருப்புக்கோட்டைத் தறியில் மிதி போடுகிறவருக்கு இது வேலையோடு வேலையாகக் கிடைத்துவிடுகிறது.

ராத்திரி உள்ளங்காலை நீங்களே பாருங்கள். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். செருப்பின் அடியையும் தடவிப் பாருங்கள். கருவேல முள் ரப்பரைத் துளைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கும்.