‘வில் ஹாவ்’ சார்

ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆகியிருப்பார், இல்லையென்றால் ஏ.ஜி. ஆபீஸ். எங்கள் அடுக்ககத்தில் அவருக்கு ‘வில் ஹாவ் சார்’ என்று பெயர். உங்கள் பக்கம் வேறு பெயர் இருக்கலாம்.

‘டிஸ்கஸ் அபவுட்’ என்று யாராவது சொன்னால்கூட ஒரு முறைப்போடு விட்டுவிடுவார். ஃபியூச்சர் பெர்ஃபெக்டில் கைவைத்தால் தொலைந்தோம்.

போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் அறிவிப்புப் போட்டார்: ‘பை த டைம் தி வாட்டர் லாரி வில் கம், தி சம்ப் வில் பி கிளீண்ட்.’ உடனே சாரின் வாய்ஸ் நோட்: “செக்ரட்டரி சார், ‘பை த டைம்’ போட்டா பின்னாடி ‘வில்’ வரவே கூடாது. லாரி ‘கம்ஸ்’. அது வர்றதுக்குள்ள கழுவி முடிச்சிருப்போம் இல்லையா, அதனால ‘வில் ஹாவ் பீன் கிளீண்ட்’.” அடுத்த வாய்ஸ் நோட்டில், ‘பை டுமாரோ’, ‘பை தி டென்த்’ என்று கெடு வைத்துப் பேசும் முறை. அதற்கடுத்ததில், ‘ஐ’க்கும் ‘வீ’க்கும் ‘ஷேல் ஹாவ்’தான் என்று ரென் அண்ட் மார்ட்டின் சாட்சி. எல்லோரும் போனைக் காதில் வைத்திருந்த நேரத்தில் லாரிக்காரர் கீழே ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டார். பி பிளாக்கில் அன்றைக்கு யாரும் குளிக்கவில்லை. சார் மட்டும் நிதானமாகச் சொன்னார்: “பை நவ் ஹி வில் ஹாவ் ரீச்ட் தி நெக்ஸ்ட் ஸ்ட்ரீட்.” அதிலும் பிழை இல்லை.

அந்த ரென்தான் 1924-இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற பாலைவனச் சாகச நாவலை எழுதியவர் என்று ஒரு பையன் சொல்லப்போக, “அது வேற ரென்” என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

நல்ல மனுஷர்தான். ஐஈஎல்டிஎஸ் எழுதப்போகும் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். வாட்ச்மேன் மகளுக்கு, தான் ஓரமெல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருந்த ரென் அண்ட் மார்ட்டினையே தூக்கிக் கொடுத்தார்.

ஆனால் சங்கத்தின் வரவு செலவைப் பார்ப்பவன் நான். மெயின்டனன்ஸ் கேட்டால், “பை தி டென்த் ஐ ஷேல் ஹாவ் பெய்ட்” என்கிறார். பத்து போய் இருபது வந்தாலும் வாக்கியம் அதேதான். தேதி மட்டும் நகர்கிறது. ‘ஷேல்’ சரி, ‘ஹாவ்’ சரி, பார்ட்டிசிபிளும் சரி. லிஃப்ட் மெக்கானிக்குக்கு யார் கொடுப்பது? திரும்பி வந்த லாரிக்காரருக்கு யார் கொடுத்தது? நான்தான், என் கையிலிருந்து. தீபாவளியிலிருந்து பாக்கி, சார். டென்ஸ் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஜிபே பண்ணிவிடுங்கள்.