ஆர்கானைக் கூட்டினால் ஓட்டை போகுமா?

கேள்வி: அலுமினியத்தில் டிக் வெல்டிங் போட்டால் பின்ஹோலாக வருகிறது. ஆர்கானைக் கூட்டக் கூட்ட ஓட்டையும் கூடுகிறது. சிலிண்டர்காரர் ஏமாற்றுகிறாரா?

பதில்: அவரைக் கடைசியில் விசாரிக்கலாம். அலுமினியத்தில் ஓட்டை போடுவது பெரும்பாலும் ஹைட்ரஜன். உருகிய அலுமினியம் அதைத் தாராளமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். 660 டிகிரியில் உறையும்போதோ அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குக்குத்தான் இடம். மீதி வெளியேறுவதற்குள் உலோகம் இறுகிவிட்டால் குமிழி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இந்த ஹைட்ரஜன் சிலிண்டரிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. கட்டிங் ஆயில், விரல் பட்ட பிசுக்கு, ஆக்சைடு படலம் பிடித்து வைத்திருக்கும் ஈரம் எல்லாமே ஆர்க் சூட்டில் சிதைந்து அதைத் தரும். ஆகவே முதலில் அசிட்டோன். அது உலர்ந்த பிறகு, அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் பிரஷ். வரிசையை மாற்றினால் பிரஷ்ஷே எண்ணெயைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். ஃபில்லர் ராடையும் துடைக்க வேண்டும். தகட்டைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, மாதக்கணக்கில் மூலையில் கிடந்த ராடை அப்படியே எடுத்து நீட்டினால் தேய்த்ததெல்லாம் வீண்.

கேள்வி: துடைத்தாயிற்று. ஆனாலும் ஆர்கான் அதிகம் போனால் காற்று அண்டாது, இல்லையா?

பதில்: கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் உங்கள் வாக்குமூலமே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. சாதாரணக் கப்புக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர் போதும். சின்னக் கப்பில் 20 லிட்டரைத் திறந்துவிட்டால் வாயு சீராக இறங்காது. சுழித்துக்கொண்டு பக்கத்துக் காற்றையும் அதன் ஈரத்தையும் சேர்த்து இழுத்து வரும். வாயுவின் பக்கம் தவறே இருக்காதா என்றால், இருக்கும். சுத்தமான துண்டுத் தகட்டில் ராடு இல்லாமல் ஓரிடத்தை உருக்கிப் பாருங்கள். கண்ணாடி போல் மின்னினால் வாயு சரி. அடுத்து ராடைச் சேர்த்துப் பாருங்கள். இப்போது ஓட்டை வந்தால் சந்தேகம் ராடின் மேல். முதலிலேயே கறுத்துப் பொரிந்தால் ஹோஸ் கசிவு, டார்ச்சின் பின்மூடியில் உள்ள ஓ-ரிங், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் என்று தேடிவிட்டு, அதற்குப் பிறகு சிலிண்டரை மாற்றுங்கள். எல்லாரும் முதலில் மாற்றுவது அதைத்தான், செலவும் அதில்தான்.

கேள்வி: அசிட்டோன் தீர்ந்துவிட்டது. பிரேக் கிளீனர் போடலாமா?

பதில்: கூடாது. குளோரின் கலந்த கிளீனரின் ஆவி ஆர்க்கில் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. கடை திறக்கும் வரை காத்திருங்கள். வாங்கி வந்த அசிட்டோனும் பற்றி எரியக்கூடியதுதான். டப்பாவை மூடித் தள்ளி வைத்த பிறகே டார்ச்சைத் தொடுங்கள்.