ஆணி வைத்த டயர்

கேள்வி: பின்லாந்தில் உறைபனிக் காலத்திலும் சைக்கிளில் ஆபீஸ் போகிறார்களாமே, வழுக்கி விழ மாட்டார்களா?

பதில்: விழுவார்கள். எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மிதிப்பார்கள். இந்த விஷயத்தில் உலகம் முழுக்க ஒரே ஜாதி.

ஆர்க்டிக் வட்டத்திலிருந்து 200 கி.மீ.கூடத் தள்ளியில்லாத ஊலு நகரத்தில் சைக்கிள் பாதை மட்டும் 900 கி.மீ.க்கு மேல். குளிர்கால சைக்கிள் மாநாடு 2013-ல் முதன்முதலாக நடந்ததும் அங்கேதான். ராத்திரி பனி கொட்டினால், முக்கியமான பாதைகளைக் காலை ஆபீஸ் நேரத்துக்குள் வண்டி வந்து வழித்துவிடும்.

மைனஸ் 20 டிகிரிகூடப் பரவாயில்லை. அப்போது பனி இறுகி, டயருக்குப் பிடி கொடுக்கும். வம்பெல்லாம் பூஜ்யத்தை ஒட்டிய நாட்களில்தான்; பனிக்கட்டி மேல் மெல்லிய நீர்ப்படலம் படர்ந்து, எண்ணெய் கொட்டிய மொசைக் தரையாகிவிடும்.

டயரில் ஆணி ஏறினால் நாம் பஞ்சர் கடைக்கு ஓடுவோம். அவர்களோ காசு கொடுத்து, டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயரே வாங்குகிறார்கள்! ஒன்றுக்குத்தான் பட்ஜெட் என்றால் முன்சக்கரத்துக்குப் போடுவது புத்திசாலித்தனம். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்கவே நேரமிருக்காது. திருப்பத்தில் சாயக் கூடாது, முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக் கூடாது.

இத்தனையும் செய்து பத்திரமாக வந்தவர், சிக்னலில் நின்று ஒய்யாரமாகக் காலை ஊன்றும்போது சறுக்குவதும் உண்டு. ஆணி டயரில்தானே இருக்கிறது, ஷூவில் இல்லையே!