கால் நூற்றாண்டுப் பொறுமை

பொறுமைக்கென்று ஒரு விருது இருந்தால் அதை ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடருக்குக் கொடுத்துவிடலாம். போட்டிக்கு வேறு யாரையும் அழைக்க வேண்டியதில்லை. 1993 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அது ஒரு கேள்வி கேட்டது. 2018 மார்ச் 21 அன்று விடைபெற்றது. நடுவில் 11 சீசன்கள், 218 எபிசோடுகள், இரண்டு திரைப்படங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கேள்வி, சீர்வரிசையில் வந்து பரணில் ஏறிய பித்தளைப் பாத்திரம் போல, ஒருநாளும் அடுப்பேறாமல் பத்திரமாக இருக்கிறது. கன்னித்தீவு படித்து வளர்ந்த வாசகர்களுக்கு இந்தப் பொறுமையின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வியைக் கேட்ட அழகை முதலில் சொல்லிவிட வேண்டும். முதல் எபிசோடு. ஓரிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மழை கொட்டுகிறது, கரண்ட் போய்விடுகிறது. எஃப்.பி.ஐ. அதிகாரி ஸ்கல்லி தன் இடுப்பருகே தட்டுப்பட்ட தடிப்புகளைக் கண்டு பயந்து தன் கூட்டாளி மல்டரின் அறைக்கு ஓடுகிறார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கொசுக்கடிதான் என்கிறார் மல்டர். பயம் விலகிய அந்த நேரத்தில், ஸ்கல்லி கட்டிலில் படுத்திருக்க, மல்டர் தரையில் உட்கார்ந்து தன் தங்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். அப்போது அவருக்கு 12 வயது, சமந்தாவுக்கு எட்டு. ஓர் இரவு, படுக்கையில் இருந்தவள் காணாமல் போனாள். அதோடு குடும்பம் உடைந்தது. பறக்கும் தட்டு இல்லை, பச்சை மனிதர்கள் இல்லை. ஒரு மெழுகுவத்தி, இரண்டு முகங்கள், அவ்வளவுதான். தங்கையைத் தொலைத்த அண்ணன் என்றதும் பார்த்தவர்கள் மனதைக் கொடுத்துவிட்டார்கள். தங்கைக்கு என்ன ஆயிற்று? தொடர் கேட்ட கேள்வி இதுதான்.

பதில் சொல்வதில் தொடர் காட்டிய தாராளம் சாதாரணமானதா? ஒரு தங்கையைக் கேட்டவருக்கு வரிசையாகத் தங்கைகளைக் கொடுத்தது. 1995-ல் வளர்ந்த சமந்தா ஒருத்தி வந்தாள். அவள் நகல் என்று தெரிந்தது. அவளைப் போலவே இன்னும் பல நகல்கள் இருப்பதும் தெரிந்தது. 1996-ல் தேனீக்கள் வளர்க்கும் பண்ணை ஒன்றில், பேச்சு வராத சிறுமிகளாகப் பல சமந்தாக்கள். 1997-ல் சிகரெட்டும் கையுமாகத் திரியும் வில்லனே ஒரு பெண்ணை உணவகத்துக்கு அழைத்து வந்து, இவள்தான் உன் தங்கை என்றார். அவள் அழுதுவிட்டுத் தன் பிள்ளைகளிடம் திரும்பிப் போய்விட்டாள். கடைசியில் 2000 பிப்ரவரியில் பதில் வந்தது. சமந்தா சிறு பெண்ணாகவே இவ்வுலகை விட்டுப் போய்விட்டாளாம். அவள் மேலும் துன்பப்படக் கூடாதென்று ஆவிகள் அவளை நட்சத்திர ஒளியாக மாற்றி அழைத்துக்கொண்டனவாம். இரவு வெளியில், ஒளியாலான குழந்தைகளுக்கு நடுவே மல்டர் தங்கையைக் கட்டிக்கொள்ளும் காட்சி கண்ணை நனைக்கும். ஏழு சீசன்கள் வேற்றுகிரகவாசிகளைத் துரத்திய கதைக்கு, வேற்றுகிரகவாசிகளே தேவைப்படாத ஒரு பதிலைக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சல் படைப்பாளி கிறிஸ் கார்ட்டருக்கு இருந்தது.

அடுத்து, காலம் தவறாமை. அந்நாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். உள்ளூர் நிலையங்களின் விளம்பரக் கட்டணம் அந்தக் கணக்கை வைத்து முடிவாகும். எக்ஸ்-ஃபைல்ஸின் வேற்றுகிரகவாசிகளும் பெரும்பாலும் சீசன் தொடக்கத்திலும், நவம்பரிலும், பிப்ரவரியிலும், மே மாதத்திலும்தான் நகர்ந்தார்கள். எத்தனையோ ஒளியாண்டு தொலைவிலிருந்து பூமியைப் பிடிக்க வந்தவர்கள் விளம்பரதாரரின் நாட்காட்டியை இவ்வளவு மதித்தது நன்றியோடு நினைக்க வேண்டிய விஷயம். மற்ற வாரங்களில் அவர்கள் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை.

அந்த வாரங்களில் மல்டர் காட்டிய மனத்திடத்தையும் பாராட்டாமல் இருக்க முடியாது. 1994 அக்டோபரில் ஸ்கல்லியே கடத்தப்படுகிறார். நடிகை கில்லியன் ஆண்டர்சன் கர்ப்பமாக இருந்ததால் வந்த நெருக்கடி அது. அதைக் கதையின் மிகக் கூர்மையான திருப்பமாக மாற்றினார்கள் எழுத்தாளர்கள். இந்தப் பாராட்டை நான் முழு மனதோடு சொல்கிறேன். உயிருக்கு உயிரான கூட்டாளி போன இடம் தெரியவில்லை. அடுத்த எபிசோடில் மல்டர் என்ன செய்கிறார்? லாஸ் ஏஞ்சலஸில் ரத்தக் காட்டேரிகளைப் பற்றி விசாரிக்கிறார். அதற்கடுத்த எபிசோடில் ஸ்கல்லி மருத்துவமனையில் கிடைத்துவிடுகிறார். துக்கத்துக்கு ஒரே ஒரு எபிசோடு, அதுவும் காட்டேரியோடு. நம்மால் முடியுமா?

எதிரிகளைக் கொடுத்ததிலும் குறை வைக்கவில்லை. 1996-ல் கண்ணுக்குள் ஊர்ந்து புகும் கறுப்பு எண்ணெய். பிறகு நோய் சுமக்கும் தேனீக்கள். 1998-ல் கண்ணையும் வாயையும் தைத்தது போல் மூடிக்கொண்ட முகமற்ற கலகக்காரர்கள். எட்டாம், ஒன்பதாம் சீசன்களில் கொன்றாலும் சாகாத சூப்பர் வீரர்கள். ஒன்றை நாம் புரிந்துகொண்டு சலிப்படைவதற்குள் இன்னொன்றை இறக்கிவிடும் அக்கறை அது. 1999 பிப்ரவரியில் மட்டும் ஒருமுறை கை தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்கள். தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, 1973-ல் ஒரு ரகசியக் குழு சொந்தக் குடும்பத்தாரையே வேற்றுகிரகவாசிகளிடம் ஒப்படைத்தது என்று இரண்டு எபிசோடுகளில் தெளிவாக விளங்கியது. விமானப்படைத் தளக் கொட்டகை ஒன்றில் அந்தக் குழுவே எரிந்து சாம்பலானது. கதைக்கு நியாயமான முடிவு அது. அதன் பிறகு தொடர் முதல் சுற்றிலேயே இன்னும் மூன்று ஆண்டுகள் ஓடியது. உயிர் போன பிறகும் நடக்கத் தெரிந்த கதை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அந்த சிகரெட் வில்லனின் ஆயுள் ரேகையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1997-ல் சுட்டார்கள், பிழைத்தார். 2000-ல் சக்கர நாற்காலியோடு மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள், பிழைத்தார். 2002-ல் ஹெலிகாப்டரிலிருந்து பாய்ந்த ஏவுகணை நெருப்பில் சதை உருகி மண்டையோடு தெரிந்ததை நாமே பார்த்தோம். 2016-ல் தொண்டையில் துளையோடு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சாவுக்கு மதிப்பில்லாத இடத்தில் பயத்துக்கு என்ன வேலை? ரசிகர்களின் இரத்த அழுத்தத்தை இத்தனை அன்பாகக் கவனித்துக்கொண்ட தொடர் வேறில்லை.

வாக்குத் தந்ததிலும் அது உயர்ந்து நின்றது. 2002 மே 19 அன்று ‘உண்மை’ என்ற தலைப்பில் வந்த அப்போதைய இரண்டு மணி நேர நிறைவு எபிசோடில் தேதியே குறித்துக் கொடுத்தார்கள்: 2012 டிசம்பர் 22, வேற்றுகிரகவாசிகள் பூமியைப் பிடிக்கும் நாள். பத்தாண்டுத் தவணை. 2008-ல் ‘நம்ப விரும்புகிறேன்’ என்ற பொருள்படும் தலைப்போடு திரைப்படம் வந்தது. அதில் தேடினாலும் ஒரு வேற்றுகிரகவாசி இல்லை. குறித்த நாளும் வந்து போனது. 2016-ல் திரும்பி வந்த தொடர், எல்லாம் மனிதர்கள் செய்த சதி என்றது. ஆறு எபிசோடு முடிவில் உலகமே நோயில் விழ, பாலத்தின் மேல் ஒரு விண்கலத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டது. இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு 2018-ல் கிடைத்த விளக்கம்: ஸ்கல்லி மனக்கண்ணில் கண்ட தரிசனம் அது.

இவ்வளவையும் சொல்லக் காரணம் வெறுப்பில்லை. இந்தத் தொடருக்குக் கதை முடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது என்பதுதான் என் வருத்தம். 1995-ல் டேரின் மார்கன் எழுதிய ‘கிளைட் புரூக்மனின் இறுதி ஓய்வு’ என்ற ஒற்றை எபிசோடு, மனிதர்கள் எப்படிச் சாவார்கள் என்பதை முன்கூட்டியே பார்க்க முடிந்த காப்பீட்டு முகவர் ஒருவரின் முழு வாழ்க்கையையும் சொல்லி முடித்தது. எழுத்துக்கும், அந்த முகவராக நடித்த பீட்டர் பாயிலுக்கும் எம்மி விருதுகள் கிடைத்தன. அதே மார்கன் 1996-ல் வேற்றுகிரகவாசிகள் ஓர் இளம் ஜோடியைக் கடத்திய கதையை எழுதினார். ஒவ்வொரு சாட்சியும் ஒன்று சொல்வார். என்ன நடந்தது என்று கடைசிவரை உறுதியாகாது. ஆனால் காதலியின் ஜன்னலுக்குக் கீழே ஏக்கத்தோடு நிற்கும் அந்தப் பையனிடம் கதை வந்து நிற்கும்போது நமக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. மர்மம் மர்மமாகவே இருக்கலாம், கதைக்குள் இருக்கும் மனிதருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் போதும் என்பதை இந்தத் தொடரே முக்கால் மணி நேரத்தில் காட்டியிருக்கிறது. நிதானத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நிதானமாக நடப்பவருக்குப் போகும் ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

ஊர் தெரிந்து நடந்தவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். வேற்றுகிரகவாசிகளும் மனிதர்களும் ஒரு விண்வெளி நிலையத்தில் கூடி வாழும் ‘பாபிலோன் 5’ தொடரை ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி தொடங்கும்போதே ஐந்து ஆண்டுக் கதையாக வகுத்துக்கொண்டார். 110 எபிசோடுகளில் 92-ஐத் தானே எழுதினார். ஐந்தாம் ஆண்டு கிடைக்குமா என்ற சந்தேகம் வந்தபோது, பெரிய போர்களை நான்காம் சீசனுக்குள்ளேயே முடித்தார். அதில் அவசரம் தெரியும், பட்ஜெட்டின் ஏழ்மையும் தெரியும். ஆனால் 1998-ல் கடைசி எபிசோடு ஓடியபோது கதை உண்மையிலேயே முடிந்திருந்தது.

வேற்றுகிரகவாசிகளை வைத்துத் தொடர் எழுத உட்காரும் எவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். முதல் எபிசோடை எழுதுமுன் கடைசி எபிசோடை ஒரு பக்கத்திலாவது எழுதி வையுங்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து தன் தங்கையைப் பற்றி ஒருவர் சொல்லத் தொடங்கினால், பார்க்கிறவர்கள் அதை நம்பிக் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.