பரிந்துரை மாமா

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் கண்காட்சிக்குப் போனவர்கள் இவரைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. ஒரு கையில் துணிப்பை, மறு கையில் யாரோ ஒரு பிள்ளை. சொந்தப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிர் ஃபிளாட் பெண், மச்சினர் பேரன், டிக்கெட் வரிசையில் முன்னால் நிற்கிற முன்பின் தெரியாத பையன், யாராக இருந்தாலும் சரி. “தம்பி என்ன கிளாஸ்?” என்பார். பதில் வருவதற்குள் புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்.

எந்த கிளாஸ் ஆனாலும் புத்தகம் ஒன்றுதான். பொன்னியின் செல்வன், ஐந்து பாகம். “உன் வயசுல நான் அஞ்சையும் ஒரே லீவுல முடிச்சேன்.” எதிரே நிற்பவன் பத்தாவது என்றால் மாமா பத்தாவதில் முடித்தவர், ஆறாவது என்றால் ஆறாவதில். எல்.கே.ஜி. குழந்தை ஒன்றிடமும் ஆரம்பித்தார். தாயார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டதால் மாமா மூன்றரை வயதில் வந்தியத்தேவனைச் சந்தித்த வரலாறு பதிவாகாமல் போயிற்று. மணிரத்னம் வேறு 2022, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு படமாக எடுத்துவிட்டார். “பார்த்துட்டேன் மாமா” என்று பிள்ளைகள் சுலபமாக நழுவிவிடுகிறார்கள்.

படப் புத்தகம் மாமாவுக்கு ஆகவே ஆகாது. பின்னட்டையில் விலையைப் பார்ப்பார், பக்கங்களை எண்ணுவார், மனசுக்குள் வகுப்பார். “இருபத்துநாலு பக்கம். அதுல பாதி யானை. இதுக்கு எண்பது ரூபாயா?” யானையை வரைந்தவருக்கும் வீட்டு வாடகை உண்டு, வண்ண அச்சுக்குக் கூடுதல் செலவு உண்டு என்றெல்லாம் கடைக்காரர் சொல்லிப் பார்ப்பார். எடுபடாது. மாமாவின் கணக்கில் புத்தகம் எடைக்கு நிற்க வேண்டும்.

பிறந்தநாள் என்றால் அக்கினிச் சிறகுகள். கலாம் மேல் ஒரு குறையும் இல்லை, நல்ல புத்தகம்தான். ஆனால் அதில் மூன்று பிரதி வைத்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறு யாருக்கும் தள்ளிவிடவும் முடியாது, முதல் பக்கம் முழுக்க மாமா ஆசி எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரு வாரம் கழித்துப் போன் வரும். “படிச்சியா? என்ன தெரிஞ்சுக்கிட்ட?” அனுபவப்பட்ட பிள்ளைகள் “விடாமுயற்சி, மாமா” என்பார்கள். இந்தப் பதில் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். மாமாவும் மகிழ்ந்து அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார்.

அவர் மனமாரச் சொல்லும் புத்தகம் ஒன்று உண்டு: டோட்டோ-சான். தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதி 1981-ல் ஜப்பானில் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டது. அதைக் கையில் எடுத்ததும் மாமாவின் குரல் இளகிவிடும். ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த அந்தப் பள்ளியைச் சொல்வார். முதல் நாளன்று தலைமையாசிரியர் கோபயாஷி அந்தச் சிறுமியை உட்காரவைத்து, “உனக்கு என்ன தோணுதோ சொல்லு” என்று விட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் நாலு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்ததைச் சொல்வார். “நாலு மணி நேரம்! ஒரு குழந்தை பேசறதை! நினைச்சுப் பாரு!” பக்கத்தில் நிற்கும் பெண் “மாமா, எனக்கு...” என்று இரண்டு முறை வாயெடுத்திருப்பாள். “இரு, முடிச்சுக்கறேன்” என்று இரண்டு முறையும் அடக்கிவிட்டு, கோபயாஷியின் பொறுமையை விவரிப்பதில் இருபது நிமிஷம் போகும். கடைசியில் அவள் சொல்ல வந்தது, அந்தப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் எடுத்து ஏற்கெனவே படித்தாயிற்று என்பது.

“இப்ப யாரு சார் குழந்தைங்களுக்கு எழுதறாங்க? வாண்டுமாமாவோட முடிஞ்சு போச்சு.” இந்த இரங்கலை அவர் வாசிப்பது பெரும்பாலும் சிறுவர் நூல்கள் மட்டுமே விற்கும் கடை வாசலில்தான். 2023-ல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கும், 2024-ல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ நூலுக்கும், 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்கும் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. மூன்று பேர் புத்தகங்களும் அவர் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும். மாமா திரும்ப மாட்டார். திரும்பினால் இரங்கல் கெட்டுவிடும்.

பதின்மூன்று வயதுக்காரர்களிடம்தான் மாமா திணறுவார். அம்புலிமாமாவைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே அங்கிருந்து ஒரே தாவலில் சத்திய சோதனைக்குப் போய்விடுவார். இந்த ஓர் இடத்தில் அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. அந்த வயதுக்கென்று எழுதப்பட்ட தமிழ்ப் புத்தகங்கள் உண்மையிலேயே குறைவு, இருப்பவற்றையும் சிறுவர் அலமாரியில் சேர்த்து அடுக்கிவிடுகிறோம். ஜீனோ என்ற இயந்திர நாய் வரும் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைக் கொடுத்தால் அந்த வயது கீழே வைக்காமல் படிக்கும். மாமா கொடுக்க மாட்டார். அதில் நீதி இல்லையாம்.

காமிக்ஸ் கடை வந்ததும் மாமாவின் நடை மாறும். “இதெல்லாம் கண்ணைக் கெடுக்கும், மூளையைக் கெடுக்கும். நீ போய் அந்த டிக்‌ஷனரியைப் பாரு, இதோ வந்துடறேன்” என்று பையனை அனுப்பிவிட்டு உள்ளே நுழைவார். அங்கே கூட்டம் நெரியும். தலையில் நரை இல்லாதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியபோது, அதைப் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து அப்பாவிடம் முதுகில் வாங்கிய பிள்ளைகள் இவர்கள். மாயாவியின் மறுபதிப்பை மாமா துணிப்பையின் அடியில் போட்டு, மேலே ஒரு திருக்குறள் தெளிவுரையை வைத்து மூடுவார். யார் பார்த்துவிடுவார்கள் என்று இப்போது பயப்படுகிறாரோ தெரியவில்லை. அப்பா போய் வெகுகாலம் ஆகிறது.

இவ்வளவும் சொன்னாலும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கண்காட்சிக்கு வருகிற ஆள் அவர்தான். நம்மில் பலர் அங்கே டெல்லி அப்பளம் தின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள். பர்ஸைத் திறக்கவும் மாமா தயங்குவதில்லை. ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜனவரியில் இவர் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். அந்தக் காலத்தில் சோவியத் புத்தகங்கள் என்ன விலைக்குக் கிடைத்தன என்று மட்டும் கேளுங்கள். அரை மணி நேரம் அசைய மாட்டார். அதற்குள் பிள்ளை அடுத்த கடைக்குப் போய்த் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். பில் போடும்போது மாமாவைக் கூப்பிட்டால் போதும்.