எஃப்எம்பி அப்புச்சி

கோயமுத்தூர்ப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஓர் எஃப்எம்பி அப்புச்சி இருப்பார். தென்னந்தோப்பில் ஜேசிபி இறங்கிய மறுநாள் காலை, டீக்கடை பெஞ்சில் எஃப்எம்பி எனும் புலப்படத்தை விரித்துவிடுவார். மஞ்சப்பைக்குள் அ-பதிவேட்டு நகல் இருக்கும், ஸ்கேல் இருக்கும். கண்ணாடி மட்டும் இருக்காது, டீக்கடைக்காரரிடம் வாங்கிக்கொள்வார்.

முதல் சந்தேகம் எப்போதும் இட்டேரி மேல்தான்.

"ஏந்தம்பி, எங்கப்பன் காலத்துல வண்டி போன தடம் இது. உங்க படத்துல ஏழாம் நம்பர் சைட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சே?"

"அப்ரூவலுக்குப் போட்டாச்சுங்கய்யா" என்பான் சைட் விற்க வந்த டை கட்டிய பையன்.

"போட்டாச்சா, வந்தாச்சா?"

இந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது சம்பந்தி வாங்கிய சைட் மாட்டிக்கொண்டது. மறுவருஷம் வரன்முறைத் திட்டம் வந்து, பணம் கட்டி மீட்டார்கள். அந்த அலைச்சலில் அப்புச்சி கற்ற சட்டம் ஒரு வக்கீலுக்குக் காணும்.

அடுத்தது பூங்கா. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் 10 சதவீதத்தைப் பொது இடமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். நோட்டீஸில் அந்த இடத்தில் ஊஞ்சலும் அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையும் இருக்கும். அப்புச்சி சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தால் பள்ளத்து ஓரம், ஒரு தாழ்ந்த மூலை. "ஐப்பசி மழைக்கு அந்தக் குழந்தைய யாரு தூக்குவா?"

அக்டோபர் 2 கிராம சபையில் அவர் கையைத் தூக்கினால் தலைவர் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். வடை வைப்பதற்குள் முடிப்பாரா என்று ஊரே முனகும். அப்புச்சிக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு என்பது என் கணிப்பு. அவர் காடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, புரமோட்டர் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் பகலில் சிரித்தவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முந்தின ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு அவர் வாசலுக்கு வருகிறார்கள்.

அப்படி வந்த ஒருவன் பொறுமையிழந்து கேட்டான்: "ஏனுங் அப்புச்சி, சந்தேகமே இல்லாத எடம்னு இந்த ஊர்ல ஒண்ணாச்சும் இருக்குதுங்களா?"

"சுடுகாடு" என்றார். பிறகு ஸ்கேலை எடுத்துப் படத்தில் வைத்தார். "அதுலயும் வடக்கால ரெண்டடி கொறையுது."